சைடு பி-யின் கடைசிப் பாட்டு

ஊசியும் தட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை எழுதிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலனே பாடியதைக் கேட்டுவிட்டு, எல்லாரும் கொண்டாடுகிற பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசைத்தட்டைக் கேட்டால் அது வெறும் மிட்டாய் என்று. எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்த வரி வந்து விழுந்தது என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. இரண்டு வாரத்தில் 41 கடிதங்கள். வழக்கமாக இந்தப் பகுதிக்கு வருவது 12, மிஞ்சினால் 15. அதிலும் பாதி, 'பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் எங்கே கிடைக்கும்' என்பதாக இருக்கும். பெல்ட் கேட்டவர்கள் இந்த முறை பொறுத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் ஒரு நடை விசாரியுங்கள்.

பெயரைப் போடவேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் பேட்டையின் பெயர் மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளைச் சுருக்கவில்லை.

கே: மிட்டாய் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எனக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பு. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அங்கிள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் ரேடியோகிராமில் இந்தத் தட்டைத்தான் முதலில் போடுவார். அந்த கிடார் ஆரம்பித்தால் இன்றைக்கும் கையில் இருக்கும் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன். – பெரம்பூர் வாசகி

ப: அம்மா, முதல் குட்டு உங்கள் கையால் விழுந்ததில் வருத்தமில்லை. கரண்டியை வைக்கச் சொல்கிற அந்த ஆரம்பத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம்.

அது ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பன்னிரண்டு தந்தி மின்கிடார். சாதாரண கிடாரில் ஆறு தந்தி. இதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒட்டினாற்போல ஒரு ஜோடி. கீழே இருக்கும் நான்கு தந்திகளுக்கு ஜோடியை ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்ப்பார்கள். மற்ற இரண்டுக்கும் அதே சுருதிதான். ஒரு தடவை மீட்டினால் அப்பாவும் மகளும் சேர்ந்து பாடுகிற மாதிரி இரண்டு ஸ்தாயியில் கேட்கும். வாசித்தவர் மெக்குயின். அப்போது அவர் பெயர் ஜிம், ரோஜர் என்று மாற்றிக்கொண்டது பிற்பாடு. சிகாகோவில் பாஞ்சோ கற்றுக்கொண்ட விரல்கள். 1964-ல் வந்த பீட்டில்ஸ் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இந்த ஜாதி கிடாரைப் பார்த்துவிட்டுத்தான் தானும் ஒன்று வாங்கினார். ஆரம்பத்தில் வரும் அந்தச் சின்ன இழைக்கு யோசனை கிடைத்தது ஜெர்மன் இசைமேதை பாக்-கின் தேவாலய இசையிலிருந்து. உங்கள் அங்கிள் சர்ச் முடிந்த கையோடு அதைப் போட்டதில் ஒரு பொருத்தம் இருந்திருக்கிறது!

இன்னொரு ரகசியம் கம்ப்ரஸர். பிரிட்ஜுக்குள் இருப்பது இல்லை; ஒலிப்பதிவு அறையில் இருக்கும் கருவி. பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கும். தந்தியை மீட்டியவுடன் வரும் 'டங்' அடங்கி, பின்னால் தேய்ந்துபோக வேண்டிய ரீங்காரம் மேலே எழுந்து நிற்கும். அந்த கிடாரின் நாதம் இயல்பில் சீக்கிரம் செத்துவிடும். கம்ப்ரஸர் வழியாக வரும்போது கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1981 முதல் 1996 வரை ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் எட்டடிக்கு ஆறடியில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுவத்தி கொளுத்தியதும் முதல் வேலை டெக்கின் ஹெட்டை, அதாவது டேப் உரசிப்போகிற இடத்தை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது. அப்புறம் இந்தப் பாட்டைப் பதிந்து தனியாக எடுத்துவைத்த கேசட்டைப் போடுவேன். ஹெட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு ஸ்க்ரூ உண்டு. ஹெட் துளி சாய்ந்தாலும் முதலில் காணாமல் போவது உச்ச ஓசைகள்தான். பாடுகிறவர் குரல் பழுதில்லாமல் இருக்கும், மணிக்கு மட்டும் கம்பளியைப் போர்த்தியது போலாகிவிடும். சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. எங்கே அந்தச் சலங்கை முழுசாகத் திறந்துகொள்கிறதோ அங்கே நிறுத்திக் கொஞ்சம் நெயில் பாலிஷ் வைத்துவிட வேண்டும், ஸ்க்ரூ நகராமல் இருக்க. நெயில் பாலிஷ் என் மனைவியுடையது. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

பதிமூன்று வருஷம் அநேகமாக நாள் தவறாமல் இந்த ஆரம்பத்தைக் கேட்டவன் நான். முழுப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டது குறைவு. மிட்டாய் என்று எழுதியதில் அந்தச் சலிப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

கே: 41 பேரில் நான் ஒருவனாவது உங்கள் கட்சி என்று நினைக்கிறேன். டிலன் நான்கு சரணம் எழுதினார். மூன்றை வெட்டி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் பாடியது கொலை இல்லையா? அதை எப்படி இத்தனை வருஷமாக ரசிக்கிறார்கள்? – அண்ணா நகர் வாசகர்

ப: இன்னும் இருவர் இருக்கிறார்கள், மூன்று பேர் நம் கட்சி. ஆனாலும் கொலை என்ற வார்த்தையை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் சார்.

தேதிகளைப் பாருங்கள். டிலன் தன் தட்டுக்காக இதைப் பாடிப் பதிந்தது 1965 ஜனவரி 15, நியூயார்க். பேர்ட்ஸ் ஹாலிவுட்டில் பதிந்தது ஜனவரி 20. நடுவில் ஐந்தே நாள். டிலனின் தட்டு வெளிவந்தது மார்ச் 22. அதாவது அசல் கடைக்கு வரும் முன்பே இவர்களுடையது பதிவாகிவிட்டது. எப்படி? 1964 ஜூனில் டிலன், ராம்ப்ளிங் ஜாக் எலியட் என்ற பாடகரோடு சேர்ந்து இதை ஒரு தடவை பதிந்து, திருப்தியில்லாமல் ஓரமாக வைத்திருந்தார். அதன் பிரதி பேர்ட்ஸ் குழுவின் மேனேஜர் ஜிம் டிக்சன் கைக்கு வந்தது. பையன்களுக்கு முதலில் பாட்டே பிடிக்கவில்லை. அவர்தான் விடாமல் பாட வைத்தார். ஏப்ரல் 12-ல் தட்டு வந்தது. ஜூன் 26 பட்டியலில் அமெரிக்காவில் முதலிடம், ஜூலையில் இங்கிலாந்திலும். நாட்டுப்பாடலும் ராக்கும் கலந்த 'ஃபோக் ராக்' என்ற பெயரே அந்தக் கோடையில்தான் பத்திரிகைகளில் புழங்க ஆரம்பித்தது.

அன்றைக்கு அமெரிக்க ரேடியோவில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். டிலனுடையது ஐந்து நிமிடத்துக்கு மேல். அதனால் பல்லவி, இரண்டாவது சரணம், திரும்பவும் பல்லவி. இரண்டரை நிமிடம்கூட இல்லை, முடிந்தது. தாளத்தையும் நடக்கிற நடையிலிருந்து ஆடுகிற நடைக்கு மாற்றினார்கள். சபாவில் ஐந்தாறு சரணம் உள்ள தியாகராஜர் கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, முத்திரை வரும் சரணத்தை மட்டும் பாடி முடிக்கிற வித்வானை யாராவது கொலைகாரர் என்பார்களா? நம் பாட்டிமார் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். அதற்குள் ராகத்தையும் தொட்டு, கீர்த்தனையையும் பாடி, கடைசியில் தன் பெயரையும் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

நஷ்டம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். டிலன் பாடும்போது அது இரவெல்லாம் தூங்காமல் தெருவில் திரிந்த ஒருவனுடைய பாட்டு. கடைசிச் சரணத்தில் அவன் வைரம் இறைத்த வானத்துக்குக் கீழே, கடலோரத்தில், ஒரு கையை வீசிவிட்டு ஆடுகிறான். அந்தச் சரணம் பேர்ட்ஸில் கிடையாது. மெரினாவில் வளர்ந்தவனுக்கு அது பெரிய குறைதான்.

கே: அந்தத் தட்டில் குழுக்காரர்கள் வாசிக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் சினிமா வாத்தியக் குழுவில் முப்பது வருஷம் வயலின் வாசித்து ஓய்வு பெற்றவன். இது உண்மையா? தெரிந்தால் ரசிகர்கள் இப்படி உருகுவார்களா? – வடபழனி வாசகர்

ப: பெரும்பாலும் உண்மை. மெக்குயினின் கிடார் குழுவுடையது. குரல்கள் குழுவுடையவை, மெக்குயின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி மூவரும். மற்றதெல்லாம் கூலிக்கு வந்தவர்கள். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் கிடார் லாரி நெக்டெல், இன்னொரு கிடார் ஜெரி கோல், மின்பியானோ லியான் ரஸ்ஸல். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் வாசித்துவிட்டுப் போகிற கூட்டம். 'ரெக்கிங் க்ரூ' என்று பின்னால் பெயர் வந்தது. புதுப் பையன்களின் கையை நம்பி ஸ்டூடியோ நேரத்தைச் செலவு செய்ய கம்பெனிக்குத் தைரியமில்லை. அந்தக் கூட்டத்தோடு மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டு முடிந்ததென்றும், பிறகு 'டர்ன் டர்ன் டர்ன்' பாட்டைத் தாங்களே வாசித்தபோது 77 டேக் ஆனதென்றும் மெக்குயின் பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு வந்து, ஸ்டாண்டில் இருக்கும் நோட்ஸை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டை முடித்துக் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்க முடியாது. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கிறது, உருகத்தான் செய்கிறார்கள். ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: இன்று ராத்திரி ஹெட்ஃபோனில் கிடாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். முதல் சில விநாடியில் கீழிருந்து ஒரு கமகம் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். உங்களுக்குத்தான் அது முழுசாகப் புரியும்.

கே: இந்தத் தட்டின் தயாரிப்பாளருக்கும் நம்ம 'சின்னப் பெண்ணான போதிலே' பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். ரீல் விடுகிறாரா? – நங்கநல்லூர் வாசகர்

ப: மாமாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர், நடிகையும் பாடகியுமான டோரிஸ் டேயின் மகன். அந்த ஜனவரியில் அவருக்கு 22 வயது. அம்மா 1956-ல் ஹிட்ச்காக் படத்தில் பாடிய 'கே செரா செரா', மறு வருஷமே இங்கே 'ஆரவல்லி' படத்தில் ஜி. ராமநாதன் இசையில் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் பாடிய 'சின்னப் பெண்ணான போதிலே' ஆகிவிட்டது. அம்மா பாட்டை நாம் எடுத்துப் பாடினோம், மகன் டிலன் பாட்டை எடுத்துப் பாட வைத்தார். என் கடைக்கு ஜிக்கி பாட்டைக் கேட்டு வந்த ஒருவரும் இதன் அசல் எங்கே என்று கேட்டதில்லை. அதுதான் அவர்களுக்கு அசல்.

கே: டாம்பரின் மேன் என்றால் போதை மருந்து விற்பவன் என்று நண்பன் சொல்கிறான். நிஜமா அங்கிள்? – வேளச்சேரி கல்லூரி மாணவர்

ப: நண்பனுக்கு முன்னாலேயே அறுபது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் தம்பி. போதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டிலனே சொல்லிவிட்டார். அவர் மனசில் இருந்தது புரூஸ் லாங்ஹார்ன் என்ற கிடார் கலைஞர். லாங்ஹார்னிடம் டாம்பரின் மாதிரி, துருக்கியிலிருந்து வந்த ஒரு பெரிய தோல்வாத்தியம் இருந்தது. வட்டமான சட்டம், ஒரு பக்கம் தோல், உள்பக்கம் சின்னச் சின்ன மணிகள். வண்டிச் சக்கரம் அளவு இருக்குமென்று டிலன் வர்ணித்திருக்கிறார். ஒரு ஒலிப்பதிவுக்கு அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்த கோலம் மனசில் பதிந்து பாட்டாகிவிட்டது. டிலனுடைய தட்டில் பின்னால் மெல்லியதாக ஒரு மின்கிடார் கேட்குமே, அதை வாசித்திருப்பதும் இதே லாங்ஹார்ன்தான். பாட்டின் நாயகனே பக்கவாத்தியம்!

நம் ஊரில் இதற்கு அண்ணன் தம்பி உண்டு. தமிழ் பைபிள் 'தம்புரு' என்கிறது. கச்சேரி மேடையில் கஞ்சிரா. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கொண்டுவந்து உட்கார வைத்தது. ஏறத்தாழ ஒரு சாண் அகலம், பழைய வழக்கப்படி உடும்புத் தோல், சட்டத்தில் ஒரு பிளவு, அதில் ஒரு ஜோடிக் காசு. தமிழில் இந்தப் பாட்டுக்குத் தலைப்பு வைக்கச் சொன்னால் 'கஞ்சிராக்காரரே' என்று வைப்பேன். ராத்தூக்கம் வராதவன் மாட வீதியில் ஒரு கஞ்சிராக்காரரின் பின்னாலேயே போகிறான் என்று நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

கே: டிலனுக்குக் கோபம் வரவில்லையா? – சைதாப்பேட்டை வாசகர்

ப: இல்லை. ஒத்திகையில் கேட்டுவிட்டு, அட, இதற்கு ஆடலாம் போலிருக்கிறதே என்று வியந்தாராம். 1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவரே மின்கிடாரை மாட்டிக்கொண்டு மேடையேறினார். கோபம் வந்தது அவருடைய ரசிகர்களுக்கு.

கே: இந்தப் பாட்டில் சிதார் வாசனை இருக்கிறதா? – கே.கே. நகர் வாசகி

ப: இதில் இல்லை. அவர்களே 1966-ல் பாடிய 'எய்ட் மைல்ஸ் ஹை'யில் உண்டு. ரவிசங்கர் தட்டுகளில் ஊறியவர்கள்தான். ஹாரிசனுக்கே அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டதில் கிராஸ்பிக்கும் மெக்குயினுக்கும் பங்கு உண்டு.

கே: 'கவர் சாங்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் தாருங்கள். மாணவர்கள் கேட்கிறார்கள். – திருவல்லிக்கேணி தமிழாசிரியர்

ப: ஐயா, நீங்கள் கொடுக்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள். 'மறுபதிப்பு' என்றால் புத்தக வாடை. 'நகல்' என்றால் ஜெராக்ஸ் கடை வாடை. நம் சங்கீதக்காரர்களிடம் 'பாடாந்தரம்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே கீர்த்தனை, இந்தக் குருவிடம் இப்படி, அந்தக் குருவிடம் அப்படி. எது அசல் என்று யாரும் நீதிமன்றம் போவதில்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது அதுதான், ஆனால் மாணவர்கள் வாயில் நுழையுமா தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களை 'அச்சு அசல்' என்று பாராட்டுவோம். கோயில் திருவிழா மேடையில் இடையில் வரும் புல்லாங்குழல் ஒரு சுரம் மாறினால் முதல் வரிசையில் இருப்பவர் முகம் சுளிப்பார். அது வேறு கலை. அதற்கும் கை தட்டியிருக்கிறேன். இங்கே பேச்சு, பாட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சமையலாக்கிக் கொடுப்பது பற்றி. பேர்ட்ஸ் இதை டிலன் மாதிரியே பாடியிருந்தால் இந்த 41 கடிதமும் வந்திருக்காது. டிலன் குரலுக்கும் பீட்டில்ஸ் ஜான் லென்னன் குரலுக்கும் நடுவில் ஓரிடத்தைக் குறிவைத்துப் பாடினேன் என்று மெக்குயின் சொல்லியிருக்கிறார். அந்த நடு இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்துகொண்டார்.

கே: அப்பா போன ஆவணியில் காலமானார். பீரோவில் அவருடைய கேசட்டுகள் இருந்தன. ஒன்றின் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் 'ராஜா – சோகம் – 2' என்று எழுதியிருக்கிறது. சைடு பி-யில் ஆறு பாட்டு முடிந்ததும் திடீரென்று ஒரு இங்கிலீஷ் பாட்டு வரும். அப்பாவுக்கு வேறு இங்கிலீஷ் பாட்டு எதுவும் தெரியாது. ஆனால் அது முடியாமல் டேப்பை நிறுத்த விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் துடைக்கும்போது 'ஹே மிஸ்டர் தாம்பரம் மேன்' என்று பாடுவார். தாம்பரத்துக்காரர் யாரையோ பற்றின பாட்டு என்றுதான் நானும் தம்பியும் நினைத்திருந்தோம். உங்கள் வரியைப் படித்தபிறகுதான் பாட்டின் பெயர் தெரிந்தது. போனில் தேடிக் கேட்டேன். அதே பாட்டுதான், ஆனால் என்னமோ குறைகிறது. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் 'டிக்... டிக்... டிக்' என்று மூன்று தரம் வரும், அது வரவில்லை. நாங்கள் வைத்திருப்பது வேறு யாராவது பாடியதா? – மந்தைவெளி வாசகி

ப: உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், படித்ததும் இரண்டு நாள் எனக்குப் பேனா ஓடவில்லை.

அம்மா, வேறு யாரும் பாடியதில்லை. அதே பேர்ட்ஸ்தான். அந்த டிக் மட்டும் என்னுடையது.

ரெக்கார்டிங் கடைத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார். பால் கணக்கு நோட்டுத் தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எதிலாவது. 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 ஆகிவிடும். ஏழாவது பாட்டுக்கு இடம் போதாது. மிச்சம் இரண்டே முக்கால், மூன்று நிமிடம் காலி. இந்தக் காலி இடம் இருக்கிறதே, அதனால் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. 'டேப்பை மிச்சம் பிடிச்சிட்டீங்களே' என்பார்கள். டேப்பை மிச்சம் பிடித்து நான் என்ன, வீட்டில் கொடி கட்டவா போகிறேன்?

இரண்டரை நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு வேண்டியிருந்தது. சினிமாப் பாட்டில் அவ்வளவு சின்னது அபூர்வம். 1983-ல் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுக் குவியலில் இந்த எல்.பி. கிடைத்தது. அட்டை கிழிந்து, லேபிளில் யாரோ ஒரு பெண் பெயர் பால்பாயின்ட் பேனாவில். ஊரைக் காலி செய்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு வீட்டுச் சாமான் என்றார் கடைக்காரர். இரண்டு வருஷத்தில், 1985-ல், அந்த மார்க்கெட்டே எரிந்துபோனது. தட்டில் முதல் பக்கம், முதல் பாட்டு இதுதான். விளிம்பில் இருக்கிற பாட்டுக்குத்தான் எப்போதும் அடி அதிகம். ஊசியை இறக்குகிற கை நடுங்கினால் முதலில் கீறல் படுவது அங்கே. ஒரு ஊசிமுனை அளவுக் கீறல், மூன்று பள்ளங்களைக் குறுக்கே தாண்டியிருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கேசட்டைப் போட்டுக் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் மூன்று டிக்குகளுக்கும் நடுவில் சரியாக அதே இடைவெளி இருக்கும்.

அப்படி இடம் நிரப்பப் போட்ட பாட்டுதான். யாரும் கேட்டு நான் போடவில்லை. (அடுத்தவர் பாட்டைப் பதிந்து விற்றது சட்டப்படி சரியா என்று சில இளைஞர்கள் கேட்பீர்கள். சரியில்லை. அன்றும் சரியில்லை.) டி.எம்.எஸ். பக்தி கேசட்டுக்குக்கூட ஒரு தடவை கைமறதியாக இது போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போடுவார்கள் என்று பார்த்தால், அந்தப் பெரியவர் வந்து, 'கடைசியில ஒரு மணிப்பாட்டு போட்டிருக்கியேப்பா, அது எந்தக் கோயில்?' என்றார். அப்புறம் லிஸ்ட்டின் அடியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்: 'மிச்சத்தில் மணிப்பாட்டு'. எத்தனை கேசட்டில் போயிருக்கும் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அத்தனையிலும் டிக் போயிருக்கிறது.

உங்கள் அப்பாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நிஜமாக ஞாபகம் இல்லை, பொய் எழுத மாட்டேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனா என்னுடையது. 'சோகம்' என்று தலைப்பு வைக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கும். நான் வைத்தால் படத்தின் பெயரைத்தான் எழுதுவேன். '2' என்று போட்டிருப்பதால் '1' எங்கேயோ இருக்கிறது. பரண் மேல் தேடுங்கள். அதன் கடைசியிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

மிட்டாய் என்று எழுதியதை வாபஸ் வாங்கவா என்று இரண்டு நாளாக யோசித்தேன். டிலனுடையதுதான் பெரிய பாட்டு என்கிற என் கட்சியை விட மாட்டேன். அந்த வார்த்தையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊசி மாற்றி நாலு மாதம் ஆகிறது. ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தம்பியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், ஆபீசில் கேட்டால் விலாசம் கொடுப்பார்கள். அதுவரை அந்த கேசட்டை அடிக்கடி ஓட்டாதீர்கள். திறந்த பக்கத்தில் நடுவே சின்னதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள், நான் வேறொன்று ஒட்டித் தருகிறேன். வரும்போது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வேண்டாம், இந்த வெயிலில் டேப் சுருண்டுவிடும்.